பெருக்கிப் பார்த்த சம்பளம்

நாற்பத்தாறு வயதில் என் கணவருக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. டாலர் சம்பளத்தை ரூபாயாக்க அறுபதால் பெருக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரப்பாக்கம் வீட்டுக் கடனை ஒரே வருடத்தில் அடைத்து, மேலே ஒரு மாடியும் மனதுக்குள் எழுப்பிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே கொண்டாடுவதற்காக மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பினோம்.

வறுத்த வஞ்சிரத்தைப் பிய்த்துக்கொண்டே அவர் போனில் கனடா வீட்டு வாடகையைத் தேடினார்.

"இதையும் பெருக்கணும் இல்ல?" என்றார் பாவமாக.

பெருக்கினோம். மாடி போயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பெருக்கினோம். அடைத்த கடன் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. முடிவெட்டும் கூலியைப் பெருக்கியபோது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு இன்னாங்க, பாதி ரேட்டுதான் வாங்குவான்" என்று அவர் வழுக்கையைத் தட்டினேன். சிரித்த சிரிப்பில் இருவருக்கும் புரையேறியது.

கடைசியில் மிஞ்சியது, இங்கே மாதாமாதம் மிஞ்சும் அதே சொற்பம்தான். இதற்காகவா இந்த வயதில் பனியில் நடக்கப் பழக வேண்டும்? அழுதிருக்க வேண்டும், எனக்கோ பரீட்சை ரத்தானதுபோல் குதூகலம்.

அப்போது குதிரைக்காரர் வந்தார். "அண்ணாத்த, அண்ணிய ஏத்தி வுடு. ஒரு ரவுண்டு எரநூறுதான்."

பேரம் பேசாமல் ஒரு கீரைக்கட்டுகூட வாங்காத மனிதர் என் கணவர். "மூணு டாலர்தானே, ஏறு!" என்று என்னைத் தூக்கிவிட்டார்.

கனடாவுக்கு நாங்கள் போகவில்லை. டாலர் கணக்கில் வாழ்ந்தது அந்த ஒரு ரவுண்டு மட்டும்தான்.