சத்தமா உறிஞ்சச் சொன்னேன்

பெர்கனில் என் காலை ஒரு மேஜையைச் சுற்றித்தான் தொடங்குகிறது. ஆறு பேர் நின்றுகொண்டு, கரண்டியில் காப்பியை மொண்டு, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, கையிலிருக்கும் டம்ளரில் துப்புகிறோம். இந்த நார்வேக்காரர்கள் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்காரக்கூடத் தயங்குகிறவர்கள். தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள். ஆனால் இந்த மேஜைக்கு வந்துவிட்டால், யார் அதிகச் சத்தம் போடுவது என்று போட்டி வைத்தது போல உறிஞ்சுவார்கள். இதற்குக் கப்பிங் என்று பெயர். சத்தமாக உறிஞ்சினால்தான் காப்பி வாய் முழுக்கத் தெறித்து மூக்குவரை ஏறும். அதிலுள்ள நல்லதும் கெட்டதும் அப்போதுதான் தெரியும். எங்கள் கம்பெனி வாங்கப்போகிற காப்பியை இப்படி ருசி பார்த்துச் சொல்வது என் உத்தியோகம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே கோப்பை கழுவத்தான் சேர்ந்தேன். ஒருநாள் என் முதலாளி இங்கிரிட் என்னையும் மேஜைக்கு அழைத்துக் கரண்டியைக் கொடுத்தாள். வழக்கம்போல உதட்டோரம் சத்தமில்லாமல் குடித்தேன். "இன்னும் சத்தமாக" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ வாய் சுட்டுவிட்டதென்று பதறி, ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தாள். சுட்டது நாகலூரில் என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

நான் பிறந்தது சேர்வராயன் மலையில், மாரமங்கலத்தில். இருபத்திரண்டு வயதில் அதே மலையில் நாகலூருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சின்ன எஸ்டேட், சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி, நல்ல குடும்பம் என்றார்கள். கட்டிக்கொண்டவன் பெயர் பிரபு. அப்போது 'அவர்', இப்போது 'அவன்'. போன முதல் வாரமே நான் காப்பி குடிக்கிற சத்தம் அந்த வீட்டுக்குப் பிரச்சினையாகிவிட்டது. "மாடு கழுநீர் குடிக்கிற மாதிரி" என்று மாமியார் சொல்ல, அவன் சிரித்தான். அதன்பின் என் சிரிப்புக்குச் சத்தம் அதிகம், நடைக்குச் சத்தம் அதிகம், பேச்சுக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்த வீட்டில் காப்பி காய்கிற களத்தை ஒட்டியே வெந்நீர் அடுப்பு இருந்தது. இரண்டு வேளையும் ஈர விறகைப் போட்டு எரிப்பார்கள். புகை நேராகக் காப்பிமேல் போய்ப் படியும். காப்பிக்கொட்டை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் என்று மாரமங்கலத்தில் எல்லாருக்கும் தெரியும். "புகை ஏறுதுங்க மாமா, அடுப்ப அந்தப் பக்கம் மாத்திரலாமுங்களா?" என்று மாமனாரிடம் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் பிரபு சொன்னான்: "காப்பி குடிக்கறப்பவே உன்ற வாய மூடத் தெரியல. இதுல காப்பிக்குப் பாடம் வேறயா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் எனக்கு என்மேலேயே கோபம் உண்டு.

பிறகு அவனுக்குப் பெர்கனில் வேலை கிடைத்தது. இங்கேயும் ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் நான் பேசவேண்டும். கோப்பை கழுவுகிற வேலையை விடச் சொன்னான், விடவில்லை. ஒரு விருந்தில், அவன் நண்பர்கள் எதிரில், அதே மாட்டுக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தான். அந்த முறை நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தனியாக ஒரு அறை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி போட்டு, அடிவரைக்கும் சர்ரென்று உறிஞ்சிக் குடித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விடுதலை அன்றைக்குத்தான் கிடைத்தது. கோர்ட்டுக் காகிதம் ஒரு வருஷம் கழித்துதான் வந்தது.

அவன் ஊருக்குத் திரும்பி எஸ்டேட்டைப் பார்க்க ஆரம்பித்தான். "வாயடக்கம் இல்லாதவ, தொரத்திட்டேன்" என்று மலை முழுக்கச் சொன்னான். என் அம்மா அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. என்னைப் பேசியதை நான் ஒருவேளை மறந்திருப்பேன். அம்மாவை வீட்டுக்குள் உட்காரவைத்ததை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

ஏற்காட்டுக் காப்பியைப் பற்றி இங்கிரிட்டிடம் சொன்னது நான்தான். என் நோக்கம் சுத்தமானது என்று சொல்லமாட்டேன். இந்த வருஷம் பறிப்பு முடிந்து கொட்டையெல்லாம் காய்ந்ததும் இருவரும் போனோம். ஏற்காட்டில் ஒரு ஹாலில் மேஜை போட்டு, பன்னிரண்டு தோட்டத்துக் காப்பியை வரிசையாக வைத்தார்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். தோட்டக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பிரபு, செல்போனையே பார்த்துக்கொண்டு.

ஏழாம் நம்பரை உறிஞ்சினேன். முதலில் ஆரஞ்சுத் தோல் வாசனை, பிறகு வெல்ல இனிப்பு. மற்ற பதினொன்றும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. கடைசியில், தொண்டைக்குப் பின்னாலிருந்து புகை ஏறியது. எந்த அடுப்பின் புகை என்று எனக்குத் தெரியும். பேனா என் கையில் இருந்தது. இனிப்புக்கும் மார்க்கைக் குறைத்துப் போட்டால் கேட்பவர் யாரும் இல்லை. போடத்தான் கை துடித்தது. ஆனால் எனக்கென்று நான் சம்பாதித்தது இந்த நாக்கு ஒன்றுதான். அவன்மேலுள்ள கோபத்தில் அது பொய் சொன்னால் மறுபடி அவனுக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். இனிப்புக்கு முழு மார்க் போட்டேன். கீழே 'புகை, வேண்டாம்' என்று எழுதினேன். இங்கிரிட்டின் தாளிலும் அதேதான் இருந்தது.

முடிவை ஈமெயிலில் அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். தோட்டக்காரர்களும் ருசி பார்க்கட்டும் என்று இங்கிரிட்டிடம் சொல்லி ஏற்பாடு செய்தது நான்.

"ஏழாம் நம்பர் யாருதுங்க?" என்றேன்.

பிரபு எழுந்து வந்தான். "எங்குளுதுங்க." எனக்கு அவன் 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

"இருக்கறதுலயே நொம்ப நல்ல காப்பி உங்குளுதுதானுங்க. ஆனா எடுக்க முடியாதுங்க."

"ஏனுங்க?"

"நீங்களே குடிச்சுப் பாருங்க."

கரண்டியை வாங்கி உதட்டோரம் சத்தமில்லாமல் குடித்தான். "ஒண்ணும் தெரியலீங்களே."

"சத்தமா உறிஞ்சோணுமுங்க. அப்பத்தான் தெரியும்."

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, லேசாக உறிஞ்சினான். அவன் முகம் மாறியது.

"இன்னும் சத்தமாங்க."

மூன்றாவது முறை ஹால் முழுக்கக் கேட்டது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "பொகை" என்றான், மேஜையைப் பார்த்தபடி.

"வெந்நீர் அடுப்ப அந்தப் பக்கம் மாத்திருங்க. முன்னயே ஒருத்தி சொல்லியிருப்பாளே."

அவன் கரண்டியை வைத்துவிட்டுப் போனான். பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டாவது முறையிலேயே அவனுக்குப் புகை தெரிந்துவிட்டது, அதை நானும் பார்த்தேன். மூன்றாவது முறை எனக்காக.

சாயங்காலம் மாரமங்கலத்தில் இறங்குவதற்குள், எனக்கு முந்தின பஸ்ஸிலேயே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா எனக்காக வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்: "ஏங்கண்ணு, அவன உறிஞ்ச வெச்சயாமா?"

"ஆமாம்மா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து கிட்டே போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளான்னிக்குக் கரடியூருல ஒரு கண்ணாலம். போலாமின்னு இருக்கறேன்" என்றாள்.

பெர்கன் திரும்பிய பிறகு இரண்டு முறை தலைக்குக் குளித்ததில் அம்மாவின் அடுப்புப் புகை என் கூந்தலை விட்டுப் போய்விட்டது. வேண்டாமென்று தள்ளிய காப்பியைக் கொட்டிவிடவேண்டும் என்பது எங்கள் விதி. ஏழாம் நம்பரில் மிஞ்சிய வறுத்த கொட்டையை நான் கொட்டவில்லை. பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை, எதிர்மலையில் மூட்டம். காப்பி கொதிக்கும்போது அந்தப் புகை, அம்மாவின் அடுப்பில் வருகிற அதே புகை, எழுந்து வந்து அறையை நிறைக்கிறது. நான் துப்பாமல் குடிக்கிற காப்பி இது ஒன்றுதான். பாக்கெட்டில் இன்னும் நாலைந்து தடவைக்குத்தான் வரும். நான் சொன்னபடி அவன் அடுப்பை மாற்றிவிட்டால், அடுத்த வருஷக் காப்பியில் இந்த வாசனை இருக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கிறேன், சத்தத்தை மட்டும் குறைக்காமல்.