அஞ்சு ஸ்வெட்டருக்குள் ஒரு மூச்சு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு எனக்கு வயது நான்கு. நிமோனியா வேறு!

சொன்னது செல்போன். செல்போன் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும்?

ஊட்டியில் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார் சகுந்தலா. நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போய்வரும் நர்ஸ். கோயமுத்தூர்க்காரர். இந்தப் பத்தியை வாராவாரம் படித்து மார்க் போடுபவர். "ஏனுங்க சார், இன்னும் எத்தனை வாரத்துக்கு உங்க மூட்டு வலியவே எழுதுவீங்க? ஒரு நாள் என்கூட வாங்க" என்றார். ரோஷம் வந்து கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏற்றம்... அதற்கு மேல் இன்னொரு ஏற்றம். எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தை அடைந்தபோது எனக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. சகுந்தலாவின் போனில் புது ஆப் ஒன்று. குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் திரையைத் தட்ட வேண்டும். ஒரு நிமிடம் முடிந்ததும் பச்சை அல்லது சிவப்பு காட்டும்; சிவப்பு என்றால் நிமோனியா சந்தேகம். முதலில் என்னை வைத்துச் சோதித்தார். ஐந்து வயதுக்கு மேல் போட அதில் இடமில்லை என்பதால் நான்கு என்று போட்டார். சிவப்பு! 'உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லவும்.'

அங்கே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

செல்வி கொழுந்து பறிப்பவர். மடியில் ஒன்றரை வயது மகன் நிதின். மூன்று நாளாக இருமல், உடம்பு அனலாகக் கொதிக்கிறது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து அந்த எஸ்டேட்டில் எல்லாம் ஒவ்வொன்றாகக் குறைந்திருக்கிறது. கம்பவுண்டர் போனார். ஆம்புலன்ஸ் வேன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்குள் கோழிகள் குடித்தனம். ஃபேக்டரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓடுகிறது. டாக்டர் வேண்டுமென்றால் ஊட்டிக்குத்தான் போக வேண்டும். போகணுமா, வேண்டாமா? அதைச் சொல்லத்தான் இந்த ஆப்.

நெஞ்சைப் பார்த்தால்தானே சொல்லும்? நிதின் போட்டிருந்தது ஐந்து ஸ்வெட்டர். நீலம், அதற்குள் சிவப்பு, அதற்குள் பொத்தான் வைத்த ஒன்று... கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. குளிர் உள்ளே போய்விடும் என்று செல்வி ஒவ்வொன்றுக்கும் வழக்காடினார். மூன்றாவதில் பையன் அழ ஆரம்பித்தான். அழுகிற குழந்தைக்கு மூச்சு எண்ணக் கூடாதாம். என் குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கொடுத்தேன். அதைப் பார்த்தானா, என் வழுக்கையைப் பார்த்தானா தெரியவில்லை. அழுகை நின்றது. மிச்சம் இரண்டையும் கழற்றாமல் நெஞ்சுக்கு மேலே சுருட்டிவிட்டோம்.

அதற்குள் கதவு வழியாக மூடுபனி உள்ளே வந்து போன் திரை நனைந்துவிட்டது. நாலு தடவை தட்டினால் ஒரு தடவை எடுக்கிறது. வாயால் எண்ணி, எண்ணிக்கையை டைப் செய்யவும் ஆப்பில் வழி உண்டு. சரி, எண்ணுவது யார்? நர்ஸ் குழந்தையைப் பிடித்திருக்கிறார். எனக்கோ இரண்டு கையிலும் ஸ்வெட்டர்.

பக்கத்து ஷெட்டிலிருந்து கணக்கப்பிள்ளை சுந்தரத்தைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷமாகக் கொழுந்து நிறுப்பவர். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து, கண் இமைக்கும் நேரத்தில் எடை சொல்லிவிடுவார். குனிந்து பையனின் நெஞ்சையே பார்த்தார். ஒரு நிமிடம் முடிந்ததும் "முப்பத்தி ஒம்பது" என்றார்.

சகுந்தலா டைப் செய்தார். பச்சை! ஒன்றரை வயதுக்கு நாற்பதைத் தொட்டால்தான் சிவப்பாம். எனக்கு உயிர் வந்தது. முதல் ஸ்வெட்டரை மாட்டப் போனேன்.

செல்வி என் கையைத் தடுத்தார். தானும் எண்ணியதாகவும், நாற்பத்து மூன்று வந்ததாகவும் சொன்னார். சுந்தரம் கொஞ்சமும் பதறவில்லை. நாற்பத்து மூன்றுதான், சரிதான் என்றார். பையன் அழுததற்கு இரண்டு, இன்னும் உடம்பில் கிடக்கும் ஸ்வெட்டருக்கு இரண்டு... கழித்துவிட்டாராம்.

செல்வி கேட்டார்:

"கொழுந்துல கழிச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். எம் புள்ள மூச்சுலயுமா, ஐயா?"

சுந்தரத்தின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இந்த முறை சகுந்தலாவே எண்ணினார். நாற்பத்து நான்கு. சிவப்பு.

அன்று ஃபேக்டரி ஓடும் நாள் என்பதால் கொழுந்து லாரி இருந்தது. ஃபேக்டரி காத்திருக்கட்டும், முதலில் ஊட்டி என்று டிரைவருக்கு உத்தரவு போட்டவர் சுந்தரம். செல்வி, குழந்தை, நர்ஸ் மூவரும் முன்னால். சுந்தரமும் நானும் பின்னால், கொழுந்து மூட்டை மேல், மூடுபனிக்குள். வழி முழுக்க எனக்குப் பயம், சாமி! அந்த முப்பத்தி ஒம்பதை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால்?

நிமோனியா ஆரம்பம்தான் என்றார் டாக்டர். அன்றே வந்தது நல்லதாம். நான்கு நாளில் பையன் எழுந்து நர்ஸின் குடையை உடைத்துவிட்டானாம்.

என் குல்லாய் திரும்பி வரவில்லையே! அதைக் கேட்கிற சாக்கில் போன வாரம் மறுபடி போனேன். பையன் இளைத்திருக்கிறானா என்று நர்ஸ் பார்க்க வேண்டும். காப்பகத்தின் எடை மெஷின் ரிப்பேர். சுந்தரமே கொழுந்துத் தராசில் ஒரு சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, நிதினை அதில் உட்கார வைத்தார். அஞ்சு ஸ்வெட்டர், என் குல்லாய் சகிதம். செல்வி தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னெண்டு கிலோம்மா" என்றார் சுந்தரம், ஓரக்கண்ணால் செல்வியைப் பார்த்துக்கொண்டே. "ஒண்ணும் கழிக்கல."

நியாயமாகப் பார்த்தால், முப்பது வருஷத்தில் அவர் கழித்தே ஆக வேண்டிய ஒரே எடை அதுதான்!