கருவேல ஏலம்

ஏலத்துக்கு யூனியன் ஆபீஸ் ஜீப்பில் ஓர் அதிகாரியும் கிளார்க்கும் வந்திருந்தார்கள். வருஷா வருஷம் எங்கள் பக்கத்துக் கண்மாய்களின் சீமைக் கருவேல மரங்களை ஏலம் எடுத்து, வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிற கான்ட்ராக்டர் தன் ஆட்களோடு வந்திருந்தார். எங்கள் பெண்கள் சங்கத்தில் டெபாசிட் கட்டிய நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்; சங்கத்தின் மற்றப் பெண்கள் அவர்களுக்குப் பின்னால். நான் கண்மாய்க் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வராதவர்களைச் சொல்வதென்றால், அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கான்ட்ராக்டர் முகத்தில் முழிக்க வேண்டியிருக்குமே என்று காலை முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். எங்கள் தொண்டு நிறுவனத்தின் இயக்குநர் மதுரையில் இருந்தார். அங்கே மக்கள் பங்கேற்பு பற்றி ஒரு பயிற்சி முகாம். முன்வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அக்காவின் மகளும் வரவில்லை. அவளுக்கு அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை.

அந்தப் பெண்ணுக்காகத்தான் அந்த அக்கா ஏலத்துக்கே வந்தது. கான்ட்ராக்டரின் மூட்டத்தில் வேலைக்குப் போனால் குடும்பத்தோடு போக வேண்டும். ஆண் வெட்டுவான், பெண் அடுக்குவாள், பிள்ளைகள் சுள்ளி பொறுக்கித் தண்ணீர் சுமப்பார்கள். பிள்ளையைக் கொண்டுவராத வீட்டுக்கு வேலை கிடையாது. புருஷன் இறந்துபோன அந்த அக்காவுக்கு மகளையும் சேர்த்தால்தான் கணக்கில் ஒரு ஜோடி. மூட்டம் சங்கத்துக்கு வந்துவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிவரத் தேவையில்லை என்று சங்கத்தில் எல்லோருமாக முடிவு செய்திருந்தோம். அப்படி நடந்தால் ஜூன் மாதம் அந்தப் பெண் திருச்சுழிக்கு ஆறாம் வகுப்புக்குப் போவாள். நடக்காவிட்டால் மூட்டத்துக்குப் போவாள். இடையில் வேறு வழி கிடையாது.

எனக்கு அப்போது இந்த வேலையில் மூன்றாவது வருஷம். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. பி.ஏ. முடித்தவன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். நான் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், ஜமுக்காளத்தை விரித்து, பொம்பளையாட்களைக் கூப்பிட்டு வட்டமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். "அப்படி என்னதான்டா பேசுவீக?" என்று என் அப்பா கேட்பார். மனித உரிமை என்று சொன்னால், "அதுக்குச் சம்பளம் குடுக்கானா?" என்பார். கொடுத்தார்கள், சில மாதங்களில். முதல் வருஷம் அவருக்கு விளக்கிச் சொல்வேன். மூன்றாவது வருஷம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு நடைமுறை உண்டு. கூட்டத்தில் எல்லோரும் பேச வேண்டும். வட்டத்தில் ஒருவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் பேச வேண்டும். யாரையும் தாண்டிப் போகக் கூடாது. தலைவி என்று ஒருத்தியை முன்னால் தள்ளினால் அடியும் அவளுக்குத்தான் விழும் என்பது இயக்குநரின் அனுபவம். அது வெறும் பேச்சில்லை. பக்கத்து ஊரில் கூலி கூட்டிக் கேட்ட ஒரு பெண்ணை அதற்கப்புறம் எந்தக் காட்டிலும் களையெடுக்கக் கூப்பிடவில்லை. அதனால் ஏலத்துக்கும் நாலு பேர் போக வேண்டும், நாலு பேரும் வாய் திறக்க வேண்டும் என்று முடிவானது. சங்கத்தின் பேரில் டெபாசிட் வாங்க விதி இல்லை என்று ஆபீஸில் சொன்னதால், நாலு பேர் பேரிலும் தனித்தனியாகக் கட்டினோம்.

ஏலத்துக்கு முந்தின வாரம் ஒத்திகை பார்த்தோம். அதிகாரியும் நான்தான், கான்ட்ராக்டரும் நான்தான்.

"கான்ட்ராக்டருன்னா வயிறு வேணும் தம்பி. ஒங்களுக்கு முதுகும் வயிறும்ல ஒட்டிக் கெடக்கு" என்றார் நாலு பேரில் மூத்த அக்கா. ஒருத்தி தலைக்குச் சும்மாடு வைக்கிற துணியைச் சுருட்டி என் சட்டைக்குள் திணித்தாள்.

"இப்பம் சரி. நடந்து காட்டுங்க அண்ணாச்சி!"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. அப்புறம் ஏலம் சொல்லிப் பழகினோம். அவர்களுடைய பயமெல்லாம் வாய் கட்டிப்போவதைப் பற்றித்தான். தாலுகா ஆபீஸில் இரண்டு தடவை அப்படி நடந்திருந்தது. பேச வேண்டியதையெல்லாம் பஸ்ஸில் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போய், மேஜைக்கு முன்னால் நின்றதும் ஒருவருக்கும் சத்தம் வரவில்லை. அதனால் மூத்த அக்காவே ஒரு சட்டம் போட்டார்.

"அதிகாரி ரெண்டு தரம்னு சொன்னதும் அடுத்தவ சொல்லிரணும். மூணு தரம்னு சொல்ல விட்டமோ, போச்சு. ஒருத்திக்கு அடுத்து ஒருத்தி. வரிசை தப்பக் கூடாது."

எல்லோரும் சரி என்றோம். சங்கத்தின் சேமிப்பும் நிறுவனம் தந்த கடனும் சேர்த்துக் கையில் எட்டாயிரம் இருந்தது. அதற்கு மேல் போகக் கூடாது என்பதையும் பேசிக்கொண்டோம். ஒத்திகையில் ஒவ்வொரு பெண் சொன்ன பிறகும் நான் கான்ட்ராக்டராக விலையை ஏற்றினேன். அவள் சொல்வாள், நான் சொல்வேன், அடுத்தவள் சொல்வாள். நன்றாகத்தான் போனது. நான் ஏற்றாமல் சும்மா இருந்தால் என்ன செய்வது என்பது எங்கள் யார் புத்தியிலும் உறைக்கவில்லை. கான்ட்ராக்டர்கள் விட்டுக்கொடுப்பதை நாங்கள் பார்த்ததே இல்லை.

ஏலம் ஐயாயிரத்தில் ஆரம்பித்தது. கான்ட்ராக்டர் பெண்களின் பக்கம் திரும்பாமலே சொல்லிக்கொண்டு போனார். நாலு பேரும் வரிசை தப்பாமல் சொன்னார்கள். சத்தம் கணீரென்று வந்தது. கான்ட்ராக்டர் ஏழாயிரம் என்றார். மூத்த அக்கா, "ஏழாயிரத்து எரநூறு" என்றார்.

கான்ட்ராக்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு தரம்" என்றார் அதிகாரி. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு தரம்."

"ஏழாயிரத்து ஐநூறு!" என்றார் இரண்டாவது அக்கா.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, "அக்கா, நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா அது? டெபாசிட் கட்டினவுக மட்டும் பேசணும். நீ அங்கிட்டுப் போ."

"சார், அவுக நாலு பேரும்..."

"போன்னா போப்பா!"

முன்வரிசையில் நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. என்னை அதட்டியது மட்டும் விழுந்தது. "நம்ம தம்பிய வெரட்டுறாக பாரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான், முகமெல்லாம் சிவந்துவிட்டது. அதிகாரி, "ரெண்டு தரம்" என்று முடிப்பதற்குள் மூன்றாவது அக்கா எழுந்தே நின்று, "எட்டாயிரம்!" என்றது.

நாலாவது அக்கா தயங்கினாள். எட்டாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன், "அம்புட்டுத்தானா? மூச்சு வாங்குதா?" என்றான். அதிகாரி ஒரு தரம் சொல்லி, ரெண்டு தரமும் சொல்லிவிட்டார். மூன்றாவது அக்கா பக்கத்தில் இருந்தவளின் தொடையில் இடித்தது. "சொல்லுடி. எம்புள்ள படிக்கணும்டி."

"எட்டாயிரத்து ஐநூறு" என்றாள் நாலாவது அக்கா.

வரிசை மறுபடி மூத்த அக்காவுக்கு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒம்பதாயிரம்" என்றார். இரண்டாவது அக்கா, "ஒம்பதாயிரத்து ஐநூறு" என்றார். அதற்குள் கான்ட்ராக்டரின் ஆளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏத்தா, யாரு கூடத்தா மல்லுக்கு நிக்கிறீக? எங்க அண்ணாச்சி ஏழாயிரத்தோட எந்திரிச்சிட்டாகல்ல."

பெண்கள் அப்போதுதான் கான்ட்ராக்டரைத் தேடினார்கள். அவர் தன் காருக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கண்மாய்க்குள் எங்கேயோ ஆடு கத்துவது கேட்டது. அதிகாரி மூணு தரம் சொன்னார்.

அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் முகமும் வாடித்தான் போனது. "நாலு பேரும் ஒரே கூட்டுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நாலு பேரு, நாலு டெபாசிட். எழுதியாச்சு. வேண்டாம்னா டெபாசிட் போயிரும், மறு ஏலம் வரும்" என்றார். மறு ஏலத்தில் யார் எடுப்பார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஜீப்பும் காரும் போன பிறகு பெண்கள் கரையிலேயே உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் பிடுங்கினார்கள்.

"நான் ஏழாயிரத்து எரநூறுல முடிச்சிட்டேன். நீ எதுக்குடி வாயத் தொறந்த?"

"நீங்கதான மதினி வரிசை தப்பக் கூடாதுன்னீக! தப்பியிருந்தா அதுக்கும் ஏசுவீக."

"ரெண்டு தரம்னா சொல்லணும்னு தம்பிதான படிச்சுக் குடுத்துச்சு."

"தம்பி வயித்துல துணியக் கட்டிக்கிட்டுப் படிச்சுக் குடுத்துச்சு. அந்தாளு ஏத்தமாட்டாம்னு அதுக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

இயக்குநருக்கு எப்படித் தகவல் சொல்வது, வீரசோழன் ஊருக்குப் போய் டெலிபோன் பேசுவதா, நாளைக்கு ஆபீஸில் பார்த்துக்கொள்வதா என்று என் மனசு சின்ன விஷயத்தையே சுற்றிக்கொண்டிருந்தது.

மூன்றாவது அக்கா கடைசியில்தான் பேசியது. "விட்டா எம்மக அந்தாளு மூட்டத்துக்குத்தான் போகணும். நான் விடல. எந்தோட்ட அடகு வைக்கேன். நீங்களும் ஆளுக்கு ஒண்ணப் பாருங்க."

காதைத் தடவிக்கொண்டே சொன்னது. அருப்புக்கோட்டைக் கடையில் தோடு, மூக்குத்தி, ஒருத்தியின் குத்துவிளக்கு எல்லாம் போய் உட்கார்ந்தன. குறித்த தேதிக்குள் பணம் கட்டிவிட்டார்கள்.

மதுரையிலிருந்து திரும்பிய இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இருந்தாலும் எடுத்துட்டாங்க இல்லையா?" என்றார். எடுத்துவிட்டார்கள் என்றேன். அந்த மாவட்டத்தில் பெண்கள் சங்கம் கண்மாய் ஏலம் எடுப்பது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை என்றார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெளிநாட்டுப் பணம் தாமதமாகும் என்ற செய்தியோடுதான் வந்திருந்தார்.

வெட்டு ஆரம்பித்தது. கையில் பணம் தீர்ந்ததால் ஆள் வைக்க முடியவில்லை. போட்ட திட்டப்படி வெட்டிய மரங்களின் தூர் தோண்ட ஆண்களைக் கூலிக்கு வைத்திருக்க வேண்டும். இப்போது பெண்களே தோண்டினார்கள். விறகை அடுக்கி, இலைதழை போட்டு, மண்ணைக் குழைத்து மூடி, நெருப்பு வைத்தால், மூட்டத்தை விட்டு நகர முடியாது. மண் வெடித்தால் தண்ணீர் தெளித்துப் பூச வேண்டும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் உள்ளே எல்லாம் சாம்பல். தண்ணீர் சுமக்க ஆள் போதவில்லை. முதலில் ஒருத்தி மகனைக் கூட்டிவந்தாள். பிறகு எல்லோரும்.

ஜூன் மாதம் நான் திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கிவந்தேன். மூன்றாவது அக்கா மூட்டத்துப் புகைக்குள்ளிருந்து வந்து அதைக் கையில் வாங்கவில்லை. கையெல்லாம் கரி.

"இந்த மூட்டம் பிரிக்கிறவரைக்கும் தம்பி. பிரிச்சதும் அனுப்பிருதேன்."

"அட்மிஷன் முடிஞ்சிரும்க்கா."

"பெறகு நான் என்ன செய்ய? எல்லாரும் பிள்ளைகளக் கொண்டாந்து ஒழைக்காக. நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனா ஏசமாட்டாகளா? எனக்காகத்தான் இம்புட்டு வெலைக்கு ஏத்துனோம்னு இப்பமே பேச்சு நடக்கு."

மகள் இடுப்பில் குடத்தோடு கண்மாய்ப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணே, ஆறாம்ப்புல இங்கிலீசு கஷ்டமாண்ணே?" என்றாள். கஷ்டமில்லை என்றேன். "சும்மா சொல்றீக" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கப் போனாள்.

இயக்குநர் நிதி கொடுக்கிற விருந்தாளிகளைக் கூட்டிவந்த நாளில் பிள்ளைகளை வேறு பக்கம் போகும்படி யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே போய்விட்டார்கள். விருந்தாளிகள் பெண்களை மூட்டத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். சங்கத்துப் பெண்கள் நன்றாகச் சிரித்தார்கள். அது பொய்ச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அது அவர்களுடைய மூட்டம்தான்.

கரியை மூட்டையில் கட்டி லோடு ஏற்றி முடித்தபோது புரட்டாசி பாதி போய்விட்டது. வந்த பணத்தில் நகைகளைத் திருப்பி, நிறுவனத்தின் கடனை அடைத்து, மீதியைப் பங்கு வைத்தபோது, கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் கூலியைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆளுக்கு வந்தது. அடுத்த வருஷமும் ஏலம் எடுப்பதா என்று பேசக் கூட்டம் போட்டோம். ஜமுக்காளத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். இயக்குநரும் வந்திருந்தார். மொத்தம் எவ்வளவு செலவானது என்று கேட்டார்.

மூத்த அக்கா விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஏலத்தொகை, சாக்கு, சணல், லாரி வாடகை, அடகுக் கடை வட்டி.

"எல்லாஞ் சேத்து பன்னெண்டாயிரத்து எண்ணூறு ரூவா சார்."

அவர் முடித்ததும் பக்கத்தில் இருந்தவர் பேச வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் இருந்தது மூன்றாவது அக்கா. தலையைத் தூக்காமல் சொன்னது:

"அது போக, எம்மக ஆறாங்கிளாசு."