பக்கத்து வகுப்பு அக்கா

அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த அய்யாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போன முதல் பெண் அவர்தான். இரண்டாவது பெண் நான். இந்த நினைவு மலரில் எல்லோரும் அக்காவைப் பற்றி நல்லதாகவே எழுதியிருக்கிறார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன், ஆனால் பொறாமையோடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காளவாசல் பக்கம் ஒரே பள்ளியில் இருபது வருடம் இருவரும் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பில் ‘அ’ பிரிவு அக்காவுக்கு, ‘ஆ’ பிரிவு எனக்கு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். கேட்கக் கேட்க வயிறு எரியும். அக்கா என் வகுப்பைப் பற்றி நல்லது கெட்டது ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்துக் கிடந்தேன்.

தப்புக் கணக்குக்கு நான் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு, சரியான விடையையும் நானே எழுதிக் கொடுப்பேன். அக்கா நோட்டை இரண்டு முறை கொடுப்பார். முதல் முறை மதிப்பெண் இருக்காது. “வழி சரி. மூன்றாம் படியில் ஒரு தப்பு இருக்கிறது, நீயே பிடி” என்று ஒரு வரி இருக்கும். பிள்ளை திருத்திக் கொண்டுவந்த பிறகே மதிப்பெண். “மார்க்கப் போட்டுட்டா, பிள்ளைக அத மட்டும் பாத்துட்டு நோட்ட மூடிருதுகடி” என்பார். மறுநாள் மறக்காமல் கூப்பிட்டு, “புடிச்சியா? எப்படிப் புடிச்ச?” என்று கேட்பார். பிள்ளை யோசித்துச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். ஒரே வயிற்றில் பிறந்தும் அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

வருடா வருடம் என் வகுப்புப் பெற்றோர் யாராவது வந்து, “தப்பா நினைக்காதீங்க டீச்சர், பிள்ளைய உங்க அக்கா வகுப்புக்கு மாத்த முடியுமா?” என்று என்னிடமே கேட்பார்கள். சிரித்துக்கொண்டே ஹெச்.எம்.மைப் பார்க்கச் சொல்வேன்.

ஒரு வருடம் ரோஷம் வந்து, அக்கா எழுதும் வரியை அப்படியே என் பிள்ளைகள் நோட்டிலும் எழுதித் தள்ளினேன். ஒரு பெண் எழுந்து வந்தாள். “டீச்சர், நான் ரெண்டு படிதான போட்டிருக்கேன்? மூணாவது படி எங்க இருக்கு?”

வகுப்பே சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்ததும் கேட்டது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நடுவில் மீன் குழம்பு கொடுத்துவிட்டார். சாப்பிட்டேன், அப்போதும் பேசவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சிறுநீரகம் கெட்டு, பசுமலை வீட்டில் படுத்தார். படித்துப் போன பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். எல்லோரும் கிளம்பிய ஒரு மத்தியானம் என்னைக் கேட்டார்.

“ஏண்டி, எம்புட்டுப் பிள்ளைகளுக்கு நிறை குறை சொல்லிருக்கேன். எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல. நீ சொல்லு, நான் எப்படிச் சொல்லிக் குடுத்தேன்?”

எனக்கு மட்டும் யார் சொன்னார்களாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “அதான் ஊரே சொல்லுதேக்கா. நான் வேற சொல்லணுமாக்கும்?” என்றேன்.

“ஊரு வெளிய இருந்து பாத்துச்சு. நீதான பக்கத்து வகுப்பு.”

“நேரமாச்சு, வாரேன்க்கா” என்று எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு வாரம் அக்கா இருந்தார். தினமும் போனேன். அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொறாமைதான், வேறென்ன?

கடைசிவரை கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், டயாலிசிஸுக்கு ஆட்டோவில் அழைத்துப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மீதி அக்காவுக்கு.

அக்கா, பிள்ளை யோசிக்கும்போது நீ பேசாமல் நின்றாயே, அதுதான் உன் வகுப்பில் ஆக நல்லது. குறை ஒன்று உண்டு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் நோட்டில் நீ ஒன்றுமே எழுத மாட்டாய். அவளுக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிடுவாய். அவர்களும் நோட்டைத் திறந்து பார்த்து ஏமாந்துதான் போனார்கள். எனக்கும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். இருபது வருடம் நானும்தானே அக்கா சொல்லிக் கொடுத்தேன்?