சூளைக்குள்ளை போட்ட உப்பு

என்ரை மனிசன் கொழும்பிலை சித்திரமும் மண்வேலையும் படிச்சவர். எழுபதுகளின்ரை தொடக்கத்திலை கலியாணம் முடிஞ்சு கோப்பாயிலை குடியிருக்க வந்த உடனை, நான் கத்தரி நடலாம் எண்டு பாத்து வைச்ச வளவுத் துண்டிலை செங்கல்லாலை ஒரு சூளை கட்டினார். சட்டி பானை சுட இல்லை, சாடி சுட. சும்மா வைச்சுப் பாக்கிற சாடி! ஒண்டைச் சில்லிலை வனைஞ்சு, காயவைச்சு, தேய்ச்சு எடுக்க எத்தினையோ நாள் போகும். எனக்கு விசர் வரும். ஆனால் சில்லுக்கு முன்னாலை இருக்கேக்கை அந்த முகத்திலை ஒரு அமைதி வரும். அதைப் பாக்க எனக்கு நல்ல விருப்பம்.

முதல் சூளையிலை வைச்ச சாடியெல்லாம் வெடிச்சுது. ரெண்டாவதும் அப்பிடித்தான், திறந்தால் எல்லாம் ஓடாய்க் கிடந்தது. மூண்டாவதை அடுக்கேக்கை சொன்னார்: "இஞ்சாரும், இதுவும் போனால் சூளையை இடிச்சுப்போட்டுக் கொழும்பிலை ஏதாவது கந்தோரிலை எழுத்து வேலைக்குப் போறன். இனி மண்ணைத் தொடமாட்டன்." சொன்னதோடை நிக்கேல்லை, சூட்கேசிலை சேட்டுகளையும் மடிச்சு வைச்சிட்டார். எப்பவாவது லீவிலை வந்து போற புருசன் எனக்கென்னத்துக்கு?

அவருக்கு மண்ணிலை சந்தேகம். எனக்கு வேலியிலை. பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு முறையும் வேலிக் கிடுகை விலத்தி, "என்ன தங்கச்சி, உவர் சட்டி பானை விக்கப் போறாரோ?" எண்டு கேட்டவ. அவவின்ரை கண் பட்ட கண்ணூறு இல்லாமல் வேறை என்ன?

நெருப்பு நல்லாய்ப் பிடிச்ச நேரம் பாத்து ஒரு கை நிறைய உப்பும் செத்தல் மிளகாயும் அள்ளினன். சூளையைச் சுத்தி வந்து நெருப்பு வாய்க்குள்ளை எறிஞ்சன். அவர் பாய்ஞ்சு வந்தார்.

"உமக்கென்ன விசரே? உள்ளுக்கை சாடியெல்லோ இருக்கு!"

"கத்தாதையுங்கோ. கண்ணூறு இருந்தால் மிளகாய் நெடி வராது. பாருங்கோ, ஒரு தும்மல் வருதோ?"

"புகை எல்லாம் மேலாலை போகுது, தாயே!"

சூளை ஆறும் வரைக்கும் என்னை முறைச்சுக்கொண்டு அதைச் சுத்திச் சுத்தி நடந்தார். நானும் விட்டுக் குடுக்கேல்லை.

திறக்கேக்கை பின்னாலை போய் நிண்டன். மேல் அடுக்கிலை ரெண்டு வெடிச்சுக் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிப் போச்சு. நெருப்பு வாய்க்குக் கிட்ட இருந்த பெரிய சாடியை மெல்லமாய் வெளியிலை எடுத்தார். ஒரு கீறல் இல்லை. அதோடை, உப்புப் பட்ட பக்கம் பழுத்த பனம்பழம் போலை கறுப்பும் செம்மஞ்சளுமாய் நிறம் ஏறியிருந்தது. தடவித் தடவிப் பாத்தார்.

"உப்பு எவ்வளவு போட்டனீர்?"

"ஒரு கை."

"அடுத்த சூளைக்கும் போடும். மிளகாய் வேண்டாம், உப்பு மட்டும் காணும்."

"மிளகாய் இல்லாமல் கண்ணூறு போகாது" எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்கை போனன். சூட்கேசைத் திறந்து, சேட்டுகளை எல்லாம் எடுத்துப் பழையபடி கொடியிலை போட்டன்.