அம்பத்தூரில் எதையும் விற்காத ஒரு துணிக்கடை

பட்டாபிராமில் வாங்கிய ஃபிளாட்டுக்கு அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். அன்றைக்கு மாம்பழ மஞ்சளில் புடவை கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் நல்ல கறுப்பு. எந்தக் கடைக்குப் போனாலும் மஞ்சளைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கலருக்கு இது எடுக்காது மேடம்" என்று மடித்துவிடுவார்கள். நானும் சரியென்று அரக்கு நிறத்தோடு திரும்புவேன்.

போன ஞாயிறு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணிக்கடை மாதிரியே ஒரு கலைக் கண்காட்சி என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். புடவை என்றதுமே என் கணவருக்குத் தலைவலி வந்துவிட்டதால் தனியாகத்தான். இப்போது வாடகைக்கு இருப்பதும் பட்டாபிராமில்தான்; அங்கிருந்து மின்சார ரயிலுக்கு ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

பழைய கிடங்கு ஒன்றின் வாசலில் 'மாபெரும் தள்ளுபடி' என்று பலகை. அதை நம்பி ஆட்டோக்கார அண்ணனும் கூடவே வந்துவிட்டார். "சீப்பா கெட்ச்சா ஒரு சட்ட எட்துக்கிறேன்மா."

உள்ளே மேஜை, துணி அடுக்கு, விளக்கு வைத்த ஆளுயரக் கண்ணாடி. வருகிறவர்களில் ஒருவர் கடைக்காரராகவும் ஒருவர் வாடிக்கையாளராகவும் நடிக்க வேண்டும். என்னைக் கடைக்காரி ஆக்கினார்கள். அண்ணன் பளிச்சென்ற ரோஸ் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். அவரும் என் நிறம்தான்.

"உங்க கலருக்கு இது எடுக்காதுண்ணே."

சொன்னது நானேதான். பொட்டென்று கண்ணாடி இருண்டது.

"இன்னாமா, கரண்ட் பூட்ச்சா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்காட்சியை அமைத்த பெண் சிரித்தபடி விளக்கினாள். 'எடுக்காது' என்றால் கண்ணாடி அணையுமாம். உடுத்தியவரே பிடித்திருக்கிறது என்றால்தான் எரியுமாம்.

"எனக்குப் புட்ச்சிகீது. அதுக்கின்னா இப்போ?" என்றார் அண்ணன். விளக்கு எரிந்தது. காலரைத் தூக்கிவிட்டு, சம்சாரத்துக்கு அனுப்ப என்னையே போட்டோ எடுக்கச் சொன்னார். சட்டை விற்பனைக்கு இல்லை என்றதும்தான் முகம் சுருங்கியது.

அடுத்து வாடிக்கையாளராக என் முறை. கண்ணாடி விளக்கை மறுபடி அணைத்து வைத்தார்கள். மஞ்சளைத் தோளில் போட்டேன். 'பிடிச்சிருக்கு' என்றேன். விளக்கு எரியவில்லை.

"சத்தமா சொல்லுமா, அதுக்குக் காது கேக்கல."

கத்தியே விட்டேன். வெளிச்சத்தில் மஞ்சளும் நானும் அத்தனை அழகாக இருந்தோம். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் தகரக் கூரை கொதிக்கும். திரும்பும் வழியில் ஆவடியில் இறங்கினால் நிஜத் துணிக்கடைகள் இருக்கின்றன. நான் இறங்கினேன். கடைக்காரர் மஞ்சளைப் பிரித்துவிட்டு, "மேடம், உங்க கலருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு, பில் போடுங்க" என்றேன்.