திருடி என்று எழுதி வாங்கிய கடிதம்

சிங்கப்பூருக்குச் சுயாட்சி கிடைத்த வருஷம் அது. தங்ளின் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. புருஷன் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. பங்களாவுக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்குக் கட்டியிருந்த அறைகளில் ஒன்றில் நான் இருந்தேன். அடுத்த அறையில் தோட்டக்காரரும் அவர் மனைவியும் நாலு பிள்ளைகளும் இருந்தார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் திருடி. பட்டன், சின்னக் கத்தரிக்கோல், தைக்கும்போது விரலில் மாட்டுகிற அங்குஸ்தான், வாசனை சோப்பு என்று எது கண்ணில் பட்டாலும் கை போய்விடும். ஒன்றையும் விற்றதில்லை. ஒன்றையும் பயன்படுத்தியதில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன், அவ்வளவுதான். வறுமையில் செய்தாள் என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குக் கோபம் வரும். மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டுதான் திருடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்த எங்கள் தமிழ்ச் சபைக்குப் போவேன். முழங்கால் போட்டு அழுவேன். ஆண்டவரே மன்னியும், இனிமேல் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு லேசான மனதோடு திரும்புவேன். புதன்கிழமைக்குள் டின்னில் இன்னொரு பொருள் சேர்ந்துவிடும். இப்படியே மூன்று வீடு, ஏழு வருஷம்.

ஒரு நாள் காலை, மாடி வராந்தா மேசையில் இருந்த வெள்ளி மணியை எடுத்துவிட்டேன். வீட்டு எஜமானியான மேம் என்னைக் கூப்பிட ஆட்டுகிற மணி அது. அதைப் போய் ஏன் எடுத்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. மணியின் நாக்கில் துணியைச் சுற்றி, சத்தம் வராமல் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அது மேமுடைய அம்மா கொடுத்த மணி. வீடே அமளிப்பட்டது. மேம் என்னைக் கூப்பிட்டு, யார் மேலே வந்தார்கள் என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தோட்டக்காரர் பூந்தொட்டி மாற்ற வந்தார் என்று சொன்னேன். அவர் வந்தது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒரு மனிதனைக் குழியில் தள்ளினேன்.

அன்று சாயங்காலத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். போலீசுக்குப் போகவில்லை என்பதே பெரிய தயவு என்றார்கள். ஆனால் கடிதம் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் பங்களா வேலைக்காரர்களுக்கு அந்தக் கடிதம்தான் எல்லாம். இந்த ஆள் இத்தனை வருஷம் நேர்மையாக வேலை செய்தார் என்று பழைய எஜமானர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வீட்டுக் கதவு திறக்கும். அதுவும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வேலை குறைந்துகொண்டே வந்தது. கடிதம் இல்லாமல் போகிறவனைத் திருடன் என்று வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம்.

ஆறேழு வாரம் கழித்து தேக்கா மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். முதுகில் வெங்காய மூட்டை. என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? மேம் கோவம் ஆறிடுச்சா?"

நான் காய்கறிக் கூடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"உன் மேல எனக்கு வருத்தமில்ல தங்கச்சி. கண்ணால பாத்ததச் சொன்னே. சர்ச்சுக்குப் போறவ நீ, பொய் சொல்ல மாட்டே. நீ சொன்னா மேம் கேப்பாங்க. ஒரு லெட்டர் மட்டும் குடுக்கச் சொல்லு லா. பெரியவன பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்திட்டேன்."

சரி அண்ணே, சொல்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதைவிட, அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அடுத்த ஞாயிறு சபையில் திருவிருந்து. அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். நான் போகவில்லை. அன்றைக்கு அழவும் இல்லை. என் அழுகையே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஏழு வருஷமாக மன்னிப்பை வாங்கி வாங்கி டின்னை நிரப்பியவள் நான். ஆண்டவரே, மன்னிப்பு கேட்க நான் வரவில்லை, போய்ச் சொல்ல எனக்குக் கால் கொடும் என்று மட்டும் கேட்டேன். குரல் எதுவும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் எனக்குப் பயம் குறையாமலே, போய்ச் சொல்ல வேண்டும் என்பது பசி எடுப்பதுபோல நிச்சயமாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு மேமுக்குத் தேநீர் கொண்டுபோனேன். தட்டில் கோப்பைக்குப் பக்கத்தில் மணியை வைத்திருந்தேன். மேம் அதைப் பார்த்ததும் கையில் எடுத்து முத்தம் கொடுத்தார். எங்கே கிடைத்தது என்று சிரித்தார். என்னிடம்தான் இருந்தது, நான்தான் எடுத்தேன் என்று அரைகுறை இங்கிலீஷிலும் மலாயிலும் சொன்னேன். அவர் நம்பவில்லை. கிடைத்துவிட்டது அல்லவா, விடு, அந்த ஆள்தான் போய்விட்டானே என்றார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அறைக்கு ஓடிப்போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தேன். மேமுடைய அங்குஸ்தான், மேமுடைய கத்தரிக்கோல், துரையின் சட்டைப் பட்டன். மேம் முகம் சிவந்தது. போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள், ஆனால் முதலில் அவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். அப்படியே நின்றேன். ஞாயிறன்று ஆண்டவரிடம் கேட்ட காலில்தான் நின்றேன்.

மேம் தரையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போய் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தார். தோட்டக்காரர் மேல் சொன்னது தவறு, அவர் குற்றமற்றவர் என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். நீ இந்த வாரமே போய்விட வேண்டும், ஆனால் மூன்று வருஷம் வேலை செய்தாய் என்று மட்டும் உனக்கும் எழுதித் தருகிறேன், அது போதும் என்றார். இரக்கம்தான். வாங்கியிருந்தால் அடுத்த வீட்டில் எனக்கு வேலை கிடைத்திருக்கும். அடுத்த டின்னும் நிரம்பியிருக்கும். மறைக்க இடம் இருந்தால் என் கை நீளும் என்பது எனக்குத் தெரியும். அதனால், நான் திருடியதையும் நானே வந்து சொன்னதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். முட்டாள் பெண்ணே என்று திட்டிவிட்டு அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தோட்டக்காரர் குடும்பம் தேக்காவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. கடிதத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி பேசினாள்.

"ஏசு சாமி கும்புடுற மூஞ்சியப் பாரு! பக்கத்து ரூம்ல இருந்து என் புள்ளைக்கு மிட்டாய் குடுத்துக்கிட்டே எங்க சோத்துல மண்ணப் போட்டியேடி! இப்ப மட்டும் எதுக்கு வந்தே? பாவத்தக் கழுவவா?"

"இல்லக்கா, லெட்டர் குடுக்க வந்தேன்."

"குடுத்துட்டேல்ல? போ!"

அவள் கேட்டதில் தவறே இல்லை. மன்னித்தேன் என்று அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. நானும் போய்க் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்துத் தோட்டத்தில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

கடிதம் கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆண்டவர் என்னைச் சோதனையிலிருந்து காத்தார் என்று எல்லோரும் மழுப்பலாகச் சொல்வார்களே, அப்படிச் சொல்லவில்லை. எதை எடுத்தேன், யார் தலையில் கட்டினேன், எல்லாம் சொன்னேன். உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த அக்கா, பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை மெதுவாக மடிக்குத் தூக்கிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். திருடி பக்கத்தில் உட்கார்ந்தால் பையைத் தூக்கத்தான் வேண்டும். அதற்கு அடுத்த வாரமும் அதே பெஞ்சில்தான் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் கடிதத்தோடு நாலு வீடு ஏறினேன். மூன்று வீட்டில் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் சமையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்கள். ஐந்தாவதாக ரேஸ்கோர்ஸ் சாலையில் கிளினிக் வைத்திருந்த ஒரு தமிழ் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"இதக் கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கலாமேம்மா?"

"கிழிச்சா பழையபடி ஆயிடுவேன் டாக்டரம்மா."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு வா. ஒரு மாசம் பாப்பேன். பிடிக்கலன்னா அனுப்பிடுவேன்."

மந்திரம் போட்டதுபோல ஆசை மறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வாரமே அவர் மேசையைத் துடைக்கும்போது ஒரு பேனா மூடி கண்ணில் பட்டது. கை நீண்டது. ஆண்டவரே என்று கத்திவிட்டேன். நேராக டாக்டரம்மாவிடம் போய், இப்போது உங்கள் பேனா மூடியை எடுக்கப் பார்த்தேன் என்றேன். அவர் ஒரு பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எடுத்தியா?"

"இல்ல."

"அப்ப போய் வேலையப் பாரு."

அந்த மாதத்தில் மூன்று முறை அப்படிப் போய்ச் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு முறை. அதற்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பதினொரு வருஷம் அந்தக் கிளினிக்கில் வேலை பார்த்தேன். மருந்து அலமாரி, நோயாளிகள் கழற்றி வைக்கும் நகை, எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தன. ஒரு ஊசி முனைகூடக் குறைந்ததில்லை.

பெருமையாகப் பேசக் கூடாது என்று சபையில் சொல்வார்கள். நான் பேசுவேன். ஏழு வருஷம் அழுதும் என்னால் செய்ய முடியாததை ஆண்டவர் எனக்குச் செய்தார், அதை ஏன் நான் மெல்லச் சொல்ல வேண்டும்? எனக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, இன்றைக்கும் யார் வீட்டுக்குள் போனாலும் என் கையைப் பற்றிய பயம் இல்லாமல் போகிறேன், விடுதலை என்றால் எனக்கு அதுதான்.